விஷத்திலும் சிக்கனம்

கேள்வி: தேள் கொட்டும், தெரியும். துப்புகிற தேளும் உண்டாமே?

பதில்: உண்டு. ஆப்பிரிக்காவிலும் அரேபியத் தீபகற்பத்திலும் பாலை மண்ணில் பிழைப்பு நடத்தும் பாராபுத்தஸ் பேரினத்தில் சில இனங்களுக்கு அந்தப் பழக்கம். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா பக்கம் இருக்கும் பாராபுத்தஸ் டிரான்ஸ்வாலிகஸ், யாராவது சீண்டினால் வாலை முதுகுக்கு மேல் வளைத்து விஷத்தைப் பீய்ச்சும். ஒரு மீட்டர் தூரம்வரை பாயும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. ஆனால் துப்புவது வாயல்ல, வால் நுனிக் கொடுக்கு!

கேள்வி: இப்படி வாரி இறைத்தால் கையிருப்பு தீர்ந்துவிடாதா?

பதில்: அதற்குத்தான் இரண்டு சரக்கு வைத்திருக்கிறது. கலிஃபோர்னியா விஞ்ஞானிகள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கொடுக்கிலிருந்து முதலில் வருவது தெளிந்த நீர். அதில் பொட்டாசியம் உப்பு அதிகம், புரதம் குறைவு. உடம்பில் ஏறினால் சுரீரென்று வலிக்கும். பூச்சியென்றால் அங்கேயே முடங்கிவிடும். அதற்கும் மசியாத ஆசாமிக்குத்தான் வெளுத்துக் கெட்டியான இரண்டாவது சரக்கு. அதில் புரத நச்சுகள் நிறைய. புரதம் தயாரிக்க உடம்புக்குச் செலவு அதிகம், உப்புக்கு அவ்வளவு இல்லை. நன்கொடை கேட்டு வந்தவரிடம் சில்லறையை நீட்டிவிட்டு, நோட்டைப் பெட்டியிலேயே பூட்டிவைக்கும் முதலாளியின் கணக்கு இது.

கேள்வி: சில்லறைகூடச் செலவழிக்காமல் விரட்ட வழியில்லையா?

பதில்: இருக்கிறது, சத்தம் போடலாம். வாலின் முதல் இரண்டு கணுக்களின் மேல்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். கொடுக்கு முனையை அதில் உரசினால் 'கர்ர்ர்' என்று கேட்கும். செலவு பூஜ்யம்.

கேள்வி: ஆளைப் பார்த்தே விஷத்தை எடைபோட முடியுமா?

பதில்: தென்னாப்பிரிக்காவில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: வால் தடித்து, முன்னிடுக்கி மெலிந்திருந்தால் ஒதுங்கிப் போ. பாராபுத்தஸ் அந்த ரகம். அங்கே ஆபத்தான தேள்கடிகளில் முக்கியக் குற்றவாளி பாராபுத்தஸ் கிரானுலேட்டஸ். குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல்வரை போகும். டிரான்ஸ்வாலிகஸின் விஷத்தைக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்கில் முறிமருந்து தயாரித்திருக்கிறார்கள்.

கேள்வி: பாலைவனத்தில் சோறு, தண்ணீருக்கு என்ன வழி?

பதில்: பூச்சி, சிலந்தி, சமயத்தில் சின்னப் பல்லி. தண்ணீரும் பெரும்பாலும் அந்த இரைக்குள்ளிருந்தே. தோலின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் உடம்பின் ஈரம் எளிதில் ஆவியாகாது. உடல் இயக்கமும் மந்தம் என்பதால், ஒரு வேளை சாப்பாட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காலம் தள்ளும்.

கேள்வி: தீ வளையத்தில் சிக்கினால் தேள் தன்னையே கொட்டிச் சாகும் என்பது நிஜமா?

பதில்: கட்டுக்கதை. அதன் விஷம் அதையே சாய்ப்பது அபூர்வம். சூடு தாங்காமல் உடல் முறுக்கி, வால் துடிப்பதைப் பார்த்தவர்கள் தற்கொலை வழக்குப் பதிவு செய்துவிட்டார்கள்.

கேள்வி: கல்யாணத்திலாவது தாராளம் காட்டுமா?

பதில்: கைப்பிடித்தல் உண்டு. பெண்ணின் இடுக்கிகளைத் தன் இடுக்கிகளால் பற்றிக்கொண்டு ஆண் முன்னும் பின்னும் நடக்கும். தோதான தரை கிடைத்ததும் விந்துப் பொதியை அங்கே ஊன்றி, பெண்ணை அதன்மேல் இழுத்துவிடும். காரியம் முடிந்ததும் பெரும்பாலும் ஓட்டம்தான். விருந்துக்கு நின்றால், அதுவே விருந்தாகிவிடும் அபாயம் உண்டு.