சிங்கப்பூரார்

சின்னசேலத்தில் ஒரு வீட்டுக்குப் பாஸ்போர்ட் விசாரணைக்காகக் காவலர் வந்தால், அவர் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் அந்த வீட்டுத் திண்ணையில் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, இடது மணிக்கட்டில் தங்க முலாம் கடிகாரம். இவர்தான் சிங்கப்பூரார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊர்ப் புழக்கத்துக்கு அது தேவைப்படவில்லை.

பக்கத்து ஊர் அம்மையகரத்தில் ஒரு துபாய்க்காரர் இருப்பார், நைனார்பாளையத்தில் ஒரு மலேசியாக்காரர் இருப்பார். அவரவர் எல்லைக்குள் அவரவரே வெளியுறவுத் துறை. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் வந்து ஆலோசனை சொல்வதில்லை.

நம்மவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் அவருடைய சிங்கப்பூர், அவர் விமானம் ஏறிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு அங்கே யாரும் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்கவில்லை. கடிகாரத்தையும் அவர் இன்னும் மாற்றவில்லை. அது நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடியற்காலை ஆறு மணிக்கு டீக்கடைக்கு வந்து, "மணி எட்டரை ஆகுது, இன்னும் வடை போடலியா?" என்று அவர் அதட்டும்போது வடை மாஸ்டரும் பழகிய குரலில், "சிங்கப்பூர்ல போட்டாச்சுங்க, இங்கதான் லேட்டு" என்பார்.

1992-இல் சிங்கப்பூரில் சூயிங்கம்மைத் தடை செய்தார்கள். அது இவர் கண் முன்னால் நடந்தது. சொல்லும் தோரணையைப் பார்த்தால், இவரைக் கலந்துகொண்ட பிறகே நடந்தது போலிருக்கும். "லீ குவான் யூ கூப்பிட்டு ஒரே கையெழுத்துல முடிச்சாரு" என்பார். லீ 1990-லேயே பிரதமர் பதவியை விட்டு இறங்கிவிட்டார், அப்போது பிரதமர் கோ சோக் தோங் என்று ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருமுறை திருத்தப் பார்த்தார். "சார், நீங்க படிச்சீங்க. நான் இருந்தேன்" என்று சிங்கப்பூரார் சொன்னதோடு அந்த வழக்கு தள்ளுபடி ஆனது.

இனி, முதல் பயணம் போகும் பையன் ஒருவன் இவரிடம் சிக்குவதைப் பார்ப்போம். பயிற்சி வகுப்பு பேருந்து நிலையத்து டீக்கடையில். கட்டணம் ஒரு டீ, ஒரு மெதுவடை. பாடத்திட்டத்தில் முதல் பாடமும் முக்கால்வாசிப் பாடமும் சோறு.

"தம்பி, அங்க எல்லாம் கிடைக்கும், நம்ம வாய்க்கு எதுவும் கிடைக்காது. பத்து கிலோ அரிசி, ரெண்டு கிலோ பருப்புப் பொடி, நாலு பாட்டில் ஊறுகாய். ஜவ்வரிசி வடகம் மறந்துடாதே. அம்மாகிட்ட சொல்லி கறிமசாலா அரைச்சுக்க. கசகசா தாராளமா போடச் சொல்லு."

தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்றாக இருக்கும் நாடு அது. தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் குவிந்து கிடக்கின்றன. கோமள விலாஸ் 1947-லிருந்து அங்கே தோசை வார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஊருக்குத்தான் சின்னசேலத்திலிருந்து அரிசி போகிறது. போகட்டும், அரிசி யாரையும் சிறைக்கு அனுப்பாது. கசகசா அனுப்பக்கூடும். நம் வீட்டில் குருமாவுக்குப் போடுகிற கசகசா சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அபினிச் செடியின் விதை அல்லவா? வாயில் அடக்கும் புகையிலைக்கும் சிங்கப்பூரில் தடை. சிகரெட் கொண்டுபோனால் ஒன்றாக இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். சிங்கப்பூராரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "நான் போறப்ப அரைக் கிலோ கொண்டு போனேன், எவனும் கேக்கல" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். மாட்டிக்கொள்ளாத ஒருவர் ஊருக்கே சட்ட ஆலோசகராக இருப்பதில்தான் சிக்கல்.

அடுத்தது பெட்டி கட்டும் வைபவம். எடை பார்ப்பது மக்காச்சோள மண்டித் தராசில். மூட்டை மூட்டையாகச் சோளம் நிறுத்த தராசு, அரைக் கிலோ முன்னே பின்னே அதற்கு ஒரு பொருட்டில்லை. விமான நிலையத் தராசுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அங்கே பெட்டியைத் திறந்து, எல்லோர் முன்னாலும் பருப்புப் பொடியா போர்வையா என்று அம்மாவும் அத்தையும் பட்டிமன்றம் நடத்த வேண்டியிருக்கும். கல்வராயன் மலைத்தேன் ஒரு பாட்டில், உடையாமல் இருக்கட்டும் என்று கைப்பையில் போகும். திரவம் எதுவானாலும் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் கைப்பையில் போகக் கூடாது என்பதால், மலையிலிருந்து இறங்கிய தேன் திருச்சி விமான நிலையத்தோடு நின்றுவிடும். போனுக்கு உயிர் கொடுக்கும் பவர் பேங்கைச் சிங்கப்பூரார் பெரிய பெட்டியின் அடியில் வைக்கச் சொல்வார். அது கைப்பையில் மட்டுமே போகலாம். ஆக, மேலே போக வேண்டியது கீழேயும், கீழே போக வேண்டியது மேலேயுமாகப் பெட்டி தயார். கடைசியில் பச்சை நைலான் கயிற்றால் நான்கு சுற்று. அந்த முடிச்சை அவிழ்க்கச் சிங்கப்பூரார்தான் வர வேண்டும்.

பணம்? "பனியன்ல உள்பை தச்சு வச்சுக்க." எவ்வளவு என்று கேட்டால், "தச்ச பை எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு." இந்திய ரூபாயை ஆளுக்கு 25,000 வரைதான் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகலாம் என்பது தையற்காரருக்கும் தெரியாது.

மின்சாரப் பாடத்தில் மட்டும் அவரே செய்முறை விளக்கம் தருவார். அங்கே சுவர்த் துளைகள் மூன்றும் செவ்வகம், நம் பிளக் உருண்டை. "பேனாவால மேல் ஓட்டையை அழுத்திட்டு, சார்ஜரை உள்ள விடு." இரண்டாவது பேனாவின் ரகசியம் இதுதான். சில நூறு ரூபாய் கொடுத்து ஓர் அடாப்டர் வாங்கினால் பேனாவும் பிழைக்கும், பிள்ளையும் பிழைப்பான்.

இத்தனையும் முடிந்த பிறகு பையன் தயங்கித் தயங்கி, "பெரியப்பா, விசா, பேப்பர் எல்லாம்..." என்று இழுப்பான். சிங்கப்பூரார் கையை வீசுவார். "அதெல்லாம் ஏஜெண்ட் பாத்துக்குவான்."

பெட்டிக்கு ஒரு வாரம், பேப்பருக்கு ஒரு வாக்கியம். சிரிப்பு நிற்க வேண்டிய இடம் இது. டிக்கெட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா, இனிஷியல் விரிந்திருக்கிறதா, பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுமா என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூராரின் காலத்தில் விமானத்திலேயே ஒரு காகித அட்டை கொடுப்பார்கள், பேனா கடன் வாங்கி நிரப்பலாம். இப்போது இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்கும் இணையதளம் சிங்கப்பூர் அரசுடையது அல்ல.

அதே தெருவிலிருந்து மலேசியாவுக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போகிறவர் இவரிடம் கேட்டால் ஆபத்து இன்னும் கூடுதல். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய நாடுகள் 18. மலேசியா, சவுதி, குவைத், அமீரகம் எல்லாம் அதில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. எனவே இவர் அப்படி ஒரு அனுமதி இருப்பதையே ஒப்புக்கொள்வதில்லை. அந்த அனுமதியோடு கட்டாயமாக வரும் காப்பீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். நம் பக்கத்தில் நிலத்தை அடகு வைத்துக் கொடுக்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1978-லிருந்து தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அதன் பெயர் எந்த டீக்கடையிலும் அடிபடுவதில்லை.

கடைசிக் காட்சி திருச்சி விமான நிலையம். அதிகாலை விமானத்துக்கு முந்தின நாள் மதியமே இரண்டு வேன் கிளம்பும். பயணி ஒருவர், வழியனுப்புவோர் இருபத்தைந்து பேர், புளிசாதம் நாற்பது பேருக்கு. முன் இருக்கை சிங்கப்பூராருக்கு. வழி நெடுக, உள்ளே போனதும் இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது, கழிவறை எங்கே என்று வகுப்பு நடக்கும். 2024 ஜூனில் புது முனையம் செயல்படத் தொடங்கி, பழைய இடத்திலிருந்து எல்லாம் மாறிவிட்டது. பெரிய கட்டடத்தை வேனிலிருந்து அண்ணாந்து பார்த்தவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "இடிச்சுக் கட்டிட்டாங்க. என்னைக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

ஆனால் வாசலில் பையனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் அவர் சொன்ன மூன்று விஷயங்களை எந்த அரசுக் கையேட்டோடும் வைத்துப் பார்க்கலாம். "பாஸ்போர்ட்டை எந்த முதலாளி கேட்டாலும் குடுக்காதே. வாசிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதே. தங்குற இடத்து விலாசத்தையும் ரெண்டு போன் நம்பரையும் காகிதத்துல எழுதிப் பையில வச்சுக்க, செல்லு செத்துடும்." மூன்றும் சரி. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று குறிப்பிடும் அனுமதிக் கடிதத்தை, புறப்படுவதற்கு முன்பே தொழிலாளியின் தாய்மொழியில் அனுப்ப வேண்டும் என்பதும் அங்கே விதி. தமிழிலேயே வரும் அந்தக் கடிதத்தைத் திறந்து பார்க்காமல் விமானம் ஏறியவர்கள் நம்மில் உண்டு.

எனவே, முதல்முறை கடல் தாண்டப் போகிறவர்களே, உங்கள் ஊர்ச் சிங்கப்பூராரைத் தவிர்க்காதீர்கள். டீக்குக் காசு நீங்களே கொடுங்கள், முழுக்கதையும் கேளுங்கள், அந்த மூன்று வார்த்தையை மட்டும் மனதில் முடிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மசாலாவிலிருந்து கசகசாவை நிறுத்தச் சொல்லிவிட்டு, விசாவில் வேலை என்று போட்டிருக்கிறதா சுற்றுலா என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை படியுங்கள். சுற்றுலா என்று போட்டிருந்து உங்களை வேலைக்கு என்று அனுப்புகிறார்கள் என்றால், பெட்டியைக் கட்ட வேண்டாம்.