எட்டாவது சீட்

வாக்குக் கொடுப்பது என் இலாகா, நிறைவேற்றுவது மனைவியின் இலாகா. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு நிர்வாகம் இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் 2024 ஜூலையில் நான் கொடுத்த வாக்கை வாய்க்கு வந்தபடி கொடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. விதிமுறைகளைப் படித்து, கணக்குப் போட்டு, இதை ஒருநாளும் நிறைவேற்ற வேண்டி வராது என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் கொடுத்தேன்.

நாங்கள் இருப்பது ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில். மனைவியின் தம்பி இருப்பது டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில். நடுவே காரில் ஆறு மணி நேரம். இங்கே ஒஹையோ ஸ்டேட், அங்கே டென்னசி என்று இரண்டு ஊரிலும் பெரிய பல்கலைக்கழகம் உண்டு. இரண்டிலும் லட்சம் பேர் உட்காரும் அமெரிக்கக் கால்பந்து மைதானம் உண்டு. எதற்காக எது கட்டப்பட்டது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டால் சரியான பதில் வராது. மச்சினன் போய்ச் சேர்ந்த முதல் வருஷமே டென்னசியின் ஆரஞ்சு சட்டைக்கு மாறிவிட்டான். நான் மந்தம். கொலம்பஸ் கடைகளில் முன்பின் தெரியாதவர்கள் "ஓ-ஹெச்!" என்று கூவினால் "ஐ-ஓ!" என்று பதிலுக்குக் கூவ வேண்டும் என்பது நாலாவது வருஷம்தான் தெரிந்தது. அதுவரை "ஐயாம் ஃபைன், தேங்க்யூ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூலையில் மச்சினன் வீட்டுப் பின்கட்டில் கோழி வாட்டிக்கொண்டிருந்தபோது அவன்தான் ஆரம்பித்தான். "அத்தான், இந்த வருஷத்திலேருந்து ப்ளே-ஆஃப்ல பன்னெண்டு டீம். முதல் ரவுண்டு காலேஜ் மைதானத்துலயே வைக்கிறாங்க. எங்க டீம் கொலம்பஸுக்கு வந்தா?"

"வந்தா என்ன மாப்ளே? நம்ம வீடு இருக்கு. எல்லாரும் வாங்க. டிக்கெட் என் செலவு."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கோழி இன்னும் கொஞ்சம் வெந்தது. காரில் திரும்பும்போது அவளுக்கு விளக்கினேன். கல்லூரி அணிகளில் நாட்டுச் சாம்பியனைத் தீர்மானிக்கும் இந்தப் போட்டியில் 2014 சீசனிலிருந்து பத்து வருஷம் நாலே அணிகள்தான். ஆட்டமெல்லாம் இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத பொது மைதானத்தில். நம் ஊர்க் கணக்கில், கல்யாண மண்டபத்தில். இப்போது பன்னிரண்டு அணிகள். முதல் நான்குக்கு முதல் சுற்றே கிடையாது, ஓய்வு. ஐந்து முதல் எட்டு வரையுள்ள அணிகள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ளவர்களைத் தங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு வரவேற்க வேண்டும். ஐந்து வீட்டுக்குப் பன்னிரண்டு வரும், ஆறு வீட்டுக்குப் பதினொன்று, ஏழுக்குப் பத்து, எட்டுக்கு ஒன்பது. எந்த ஜோடியைக் கூட்டினாலும் பதினேழு. கால் இறுதியிலிருந்து மறுபடி மண்டபம்தான்.

"ஒஹையோ ஸ்டேட் எப்படியும் முதல் நாலுக்குள்ள வந்துரும். அதுக்கு ஓய்வு. அப்போ கொலம்பஸ்ல ஆட்டமே கிடையாது. விருந்தாளியும் கிடையாது. வாக்குக் கொடுத்த புண்ணியம் மட்டும் நமக்கு."

இதில் உள்ள வேடிக்கையை அன்றே கவனித்திருக்க வேண்டும். நாட்டிலேயே முதலாவது அணி எதுவோ, அதற்குத் தன் சொந்த மைதானத்தில் ஒரு ப்ளே-ஆஃப் ஆட்டம்கூட வாய்க்காது. முதல் சுற்றில் ஓய்வு, அதன் பிறகு கடைசிவரை வெளியூர் மண்டபம். சொந்த ஊரில் ஆட்டம் என்பது பரிசென்றால், அது முதல் வரிசையில் நூலிழையில் இடம் தவறியவர்களுக்கான ஆறுதல் பரிசு. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பரிசுகள் எல்லாமே அந்த ரகம்தான். அப்படியிருந்தும் எனக்குச் சந்தேகம் தட்டவில்லை.

ஓய்வு பெறும் நாலு இடமும் அந்த வருஷம் சாம்பியன்களுக்கு மட்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதாவது தன் கூட்டமைப்பில் பட்டம் வென்றிருக்க வேண்டும். ஒஹையோ ஸ்டேட் இருப்பது பிக் டென் கூட்டமைப்பில். பெயர் பிக் டென், உள்ளே 18 அணிகள். அக்டோபரில் ஆரிகனிடம் 32-31 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். பரவாயில்லை என்றேன். நவம்பர் 30 அன்று பரம வைரியான மிச்சிகன் சொந்த மைதானத்துக்கே வந்து 13-10 என்று மண்ணைக் கவ்வ வைத்தது. பிக் டென் இறுதிப் போட்டிக்கே வழியில்லாமல் போயிற்று. ஊர் துக்கம் அனுசரித்தது. நான் மட்டும் ஊருக்குச் சம்பந்தமில்லாத வேறொரு காரணத்துக்காகச் சோபாவில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. டெக்சஸ் மாநிலம் கிரேப்வைனில் ஒரு ஹோட்டல் அறையில் 13 பேர் கொண்ட தேர்வுக் குழு கூடி பன்னிரண்டு அணிகளின் வரிசையை அறிவித்தது. அந்தக் குழுவில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு: ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். எங்கள் வீட்டிலும் இது உண்டு. என்னைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும்போது நான் எப்போதும் வெளியில்தான் இருக்கிறேன்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"நமக்கு எட்டாவது சீட்."

"எட்டு சீட்டா? வேன்லயா வாராங்க?"

வரிசை எண்ணைத்தான் சீட் என்கிறார்கள் என்று விளக்குவதற்குள் கைப்பேசி அடித்தது. ஒன்பதாவது சீட் பேசியது.

"அத்தான், பொட்டி கட்டியாச்சு. ஆனா ஒண்ணு சொல்லிடுதேன். நியாயப்படி இது எங்க ஊர்ல நடக்க வேண்டிய ஆட்டம்."

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. குழுவின் தர வரிசையில் ஒஹையோ ஸ்டேட் ஆறாவது, டென்னசி ஏழாவது. ஆனால் தர வரிசையில் ஒன்பதாவதாக இருந்த பாய்சி ஸ்டேட்டும், பன்னிரண்டாவதாக இருந்த அரிசோனா ஸ்டேட்டும் சாம்பியன்கள் என்ற தகுதியில் மூன்றாவது, நான்காவது சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டன. பந்தி முதல் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்ததும் ஏற்கெனவே இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் இரண்டு இலை தள்ளி உட்கார வேண்டியதாயிற்று. ஆறு எட்டாகிவிட்டது, ஏழு ஒன்பதாகிவிட்டது. எட்டு விருந்து வைக்கும் வீடு. ஒன்பது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் வீடு. தர வரிசைப்படியே சீட் கொடுத்திருந்தால் டென்னசி ஏழாவதாக நாக்ஸ்வில்லில் பத்தாவது அணியை வரவேற்றிருக்கும். எங்கள் வீட்டு இரண்டரை பாத்ரூமும் எங்களுக்கே இருந்திருக்கும்.

"சின்ன ஒரு விதி இருக்கே," என்றாள் விஷயம் முழுக்கக் கேட்ட மனைவி, "தன்னோட மைதானம் வேண்டாம்னா வேற இடத்தைக் காட்டலாமா?" காட்டலாம். மேல் சீட் வைத்திருப்பவர் விரும்பினால் வேறு இடத்தில் நடத்தலாம் என்றுதான் விதி. "அப்போ என் தம்பிக்கு ஒரு ஹோட்டலைக் காட்டுங்க" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வருகிறவன் அவளுடைய தம்பியாயிற்றே. நான் சொல்லியிருக்கலாம். வாக்கு என் இலாகா என்பதால் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு வேன் வந்தது. ஆமாம், வேன். மச்சினன், அவன் மனைவி, இரண்டு பையன்கள், ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த என் மாமியார், கூடவே மச்சினனின் நண்பர் குடும்பம் மூன்று பேர். எட்டு சீட்.

வெளியூர் அணிக்கு 3,500 டிக்கெட் ஒதுக்குவது போட்டி வழக்கம். மச்சினன் வீட்டுக்கு நாங்கள் மனசில் ஒதுக்கியிருந்தது ஐந்து. மறுநாள் மைதானத்தைப் பார்த்த பிறகுதான் ஒதுக்கீடு என்பதே காகிதத்தில் எழுதுகிற சமாசாரம் என்று புரிந்தது. எத்தனையோ ஆயிரம் ஆரஞ்சு சட்டைகள், எங்கே பார்த்தாலும்.

அன்றிரவு படுக்கை ஒதுக்கீடு நடந்தது. மாமியாருக்கு ஓர் அறை. அது தானாகக் கிடைக்கும் இடம், விவாதமில்லை. எங்கள் அறை மச்சினன் குடும்பத்துக்கு. மகள் அறை நண்பர் குடும்பத்துக்கு. மனைவியும் மகளும் மாமியாரோடு. எனக்குக் கிடைத்தது அடித்தளத்தில் ஹீட்டர் பக்கத்துச் சோபா, பன்னிரண்டாவது சீட். சொந்த மைதானத்தில் ஆடுவதால் பெரிய அனுகூலம் உண்டு என்று விளையாட்டு நிபுணர்கள் சொல்வதை அந்தச் சோபாவில் புரண்டு புரண்டு யோசித்துப் பார்த்தேன். காலையில் என் வீட்டு பாத்ரூமுக்கே வரிசையில் ஆறாவதாக நின்றேன்.

மாவு வேறு புளிக்கவில்லை. வெளியே மைனஸ் நாலு டிகிரி. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே பாத்திரத்தை வைப்பது இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் உள்ள வித்தை. பாத்திரத்தை வைக்கும் வேலை மனைவியுடையது, விளக்கைப் போடும் வேலை என்னுடையது. காலையில் ஓவன் கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு. தோசை கல்லில் வெள்ளைக் காகிதம் மாதிரி படுத்துக் கிடந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, இந்தக் குளிர்ல வெட்டவெளியில வச்சு ஆடணுமா? மண்டபம் கிடைக்கலையா?" என்று மட்டும் கேட்டார். தேர்வுக் குழுவின் 13 பேரையும் இவர் முன்னால் உட்கார வைத்திருக்க வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு ஆட்டம். டிக்கெட் என் செலவென்று சொன்னவனால் வாங்க முடிந்தது மறுவிற்பனையில் மூன்று. மச்சினனுக்கு ஒன்று, அவன் பெரிய பையனுக்கு ஒன்று, எனக்கொன்று. நண்பர் முன்கூட்டியே வாங்கியிருந்தார். நான் மூன்று சட்டைக்கு மேலே, வீட்டிலேயே கனமான ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனேன். தள்ளுபடியில் வாங்கியது, கருநீலம், கழுத்துப் பட்டையில் மஞ்சள். படிக்கட்டில் ஏறும்போதுதான் சுற்றியிருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். மரியாதை என்று நினைத்தேன். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் குனிந்து, மிச்சிகன்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. கருநீலமும் மஞ்சளும் மிச்சிகன் நிறம். மிச்சிகனோடு ஆட்டம் நடக்கும் வாரத்தில் இந்த ஊரில் வளாகத்துப் பலகைகளில் உள்ள 'எம்' எழுத்தின் மேலெல்லாம் சிவப்புப் பட்டை ஒட்டி அழிப்பார்கள். தோற்று மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

காப்பாற்றியவன் மச்சினன். தன் கழுத்திலிருந்த ஆரஞ்சு சால்வையை அவிழ்த்து என் மேல் போர்த்தினான். "அத்தான், எதிரியா உட்காருங்க. துரோகியா வேண்டாம்."

அப்படியே உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்குமுன் டென்னசி ஆட்டக்காரர்கள் சிலர் அந்தக் குளிரில் சட்டையில்லாமல் பயிற்சி எடுத்ததைப் பார்த்து எனக்கு நடுக்கம் எடுத்தது. முதல் கால்பகுதி முடிவதற்குள் ஒஹையோ ஸ்டேட் 21, டென்னசி 0. ஜெரமையா ஸ்மித் என்று முதலாண்டு படிக்கும் பையன் இரண்டு முறை பந்தைப் பிடித்துப் புள்ளி சேர்த்தான். லட்சம் பேர் எழுந்து கத்தினார்கள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கும் எழுந்து "ஓ-ஹெச்!" என்று கத்தத் தோன்றியது. ஆரஞ்சு சால்வையோடு எப்படிக் கத்துவது? கடைசியில் 42-17. என் ஊர் வென்ற இரவில் தோற்றவன் வேஷத்தில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மச்சினன் எடுத்த படம் குடும்ப வாட்ஸாப் குழுவில் இன்னும் இருக்கிறது.

அந்த முதல் சுற்றில் நாலு ஆட்டமும் வீட்டுக்காரர்களுக்கே. முந்தின நாள் இந்தியானா மாநிலத்துக்குள்ளேயே அக்கம்பக்கச் சம்பந்தமாக நோட்டர் டேம் இந்தியானாவை 27-17 என்று வென்றது. பென் ஸ்டேட் 38-10, டெக்சஸ் 38-24. விருந்தாளியை அழைத்து வந்து அடித்து அனுப்பினார்கள்.

அடுத்து நடந்ததுதான் என் மனைவிக்குப் பிடித்த பகுதி. விருந்தாளி தொல்லையே இல்லாமல் ஓய்வெடுத்த நாலு அணிகளும், ஆரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட், முதல் ஆட்டத்திலேயே தோற்றன. பாத்ரூம் வரிசையில் நின்ற எங்கள் எட்டாவது சீட் ஆரிகனை 41-21, டெக்சஸை 28-14, அட்லாண்டாவில் இறுதியில் நோட்டர் டேமை 34-23 என்று வரிசையாகச் சாய்த்துக் கோப்பையைத் தூக்கியது. "ஆள் வந்து போற வீடுதான் விளங்கும்" என்று மாமியார் தொலைபேசியில் சொன்னாராம். எனக்குச் சேதி மனைவி வழியாக, குரல் ஏற்ற இறக்கத்தோடு வந்தது.

2025இல் விதியை மாற்றினார்கள். சாம்பியன்களுக்கு முன்பந்தி கிடையாது. தர வரிசையில் முதல் நாலு எதுவோ அதற்கே ஓய்வு. மச்சினன் கேட்டிருந்த அதே நியாயம், ஒரு வருஷம் தாமதமாக. ஆனால் அந்த வருஷம் டென்னசி பன்னிரண்டுக்குள்ளேயே வரவில்லை. டிசம்பரில் சமையலறையிலிருந்து கேள்வி வந்தது.

"என்னங்க, இந்தத் தடவை எத்தனாவது சீட்?"

"ரெண்டு."

"அப்போ யாரும் வரமாட்டாங்கல்லா?"

"ஓய்வு."

அன்று பாயசம். டிசம்பர் 31 அன்று மயாமியிடம் 24-14 என்று தோற்றோம். ஓய்வெடுத்த நாலில் இந்தியானா மட்டும் தப்பித்து, பட்டமும் வென்றது. இரண்டு வருஷத்தில் ஓய்வெடுத்த எட்டு அணிகளில் ஏழு, தூங்கி எழுந்ததும் தோற்றிருக்கின்றன.

ஜனவரியில் மச்சினன் கூப்பிட்டான். "அத்தான், இப்போ ரூல் சரியாயிட்டு. அடுத்த சீசன்ல நாங்க ஏழு, நீங்க பத்துன்னு வந்தா ஆட்டம் எங்க ஊர்ல. எல்லாரும் இங்கதான் தங்கணும். நான் வாக்குக் கொடுக்கேன்."

பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி மின்சார பில்லைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்து, யார் யார் போகலாம் என்று எழுத ஆரம்பித்தாள். தெருவிலிருந்து இரண்டு குடும்பம், அவளுடைய அலுவலகத் தோழிகள், மகளின் நாட்டிய வகுப்பு டீச்சர். இதுவரை பதினொரு பேர் ஆகியிருக்கிறது. என் பெயர் இன்னும் வரவில்லை.