கடன் அடைச்ச பன்னிக்கு வண்டி

வா மாப்ளே, உட்காரு. ரெண்டு ஈத்துப் போட்ட வெள்ளைப் பன்னி நாலையும் வண்டியில ஏத்திப்போட்டயாமா? வியாபாரி கை நெறையக் குடுத்தானா? தாய்ப்பன்னிக் கறி முத்தலுன்னு சொல்லிக் கிலோவுக்குக் கொறச்சுத்தான் குடுத்திருப்பான். கொறைக்காம உட்டா அவன் வியாபாரியே இல்லை.

கணக்கு உனக்குத் தெரியாததா? காட்டுப்பாக்கம் போயிப் பயிற்சி எடுத்து, சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கறவன். 8 மாசம் தீனி போட்டு வளத்து, இணைசேத்து, 3 மாசம் 3 வாரம் 3 நாள் சுமக்க உட்டு, மொதக் குட்டி மொகத்தைப் பாக்கவே ஒரு வருசம் ஓடிப்போகுது. அந்தச் செலவை அடைக்கவே மொத ரெண்டு ஈத்துக் குட்டிக சரியாப் போயிரும். மூணாம் ஈத்துல இருந்து அஞ்சாம் ஈத்து வரைக்கும்தான் குட்டியும் அதிகம், காசும் உன்னோடது. நீ என்னடான்னா கடன் அடைஞ்ச அன்னிக்கே பன்னிக்கு வண்டி புடிச்சுட்ட. பாளை விடற தென்னையை வெட்டி அடுப்பெரிச்ச கெட்டிக்காரன்!

கேட்டா, "சினை நிக்கலீங்க மாமா"ங்கற. அமெரிக்காக்காரன் பண்ணையிலயும் வயசாகாத தாய்ப்பன்னியைக் கழிக்கறதுக்கு மொதக் காரணம் அதுதானாம். கால் நொண்டறது அதுக்கடுத்தது. வருசத்துக்குக் கிட்டத்தட்டப் பாதிப் பன்னியை மாத்தறாங்க. நீயும் ஒலக லெவலுக்குப் போயிட்ட, பாராட்டோணும்.

குட்டியைப் பிரிச்ச நாலாம் நாள்ல இருந்து ஏழாம் நாளுக்குள்ள அது பருவத்துக்கு வந்துரும். விடியக் கொட்டில்ல நின்னு, முதுகுல ரெண்டு கையையும் ஊனி அழுத்து. நட்ட கல்லாட்டம் நின்னுச்சுன்னா அன்னிக்குத்தான் நாள். கிடாவைப் பக்கத்துல ஓட்டியாந்தா இன்னும் தெளிவாத் தெரியும். நீ எந்திரிக்கறது எட்டரைக்கு. அப்பறம் போனு வேற. உட்டயா, இன்னும் 21 நாள் தெண்டத் தீனி.

சினையா இருக்கறப்ப ஓட்டல் மிச்சத்தைக் கொட்டிக் கொட்டிக் கொழுக்க உடற. பத்துக் குட்டி மடியில தொங்கறப்பவும் அதே ரெண்டு வாளி. அந்நேரம் தீவனம் மட்டுமே அஞ்சு கிலோவுக்குக் கொறையாமத் திங்கோணும் கண்ணு. எலும்பும் தோலுமா நிக்கறது எங்க பருவத்துக்கு வரும்? கத்திரி வெயில்ல தகரக் கொட்டாய் வேற. பன்னிக்கு வேர்க்காது, தண்ணி தெளிக்க ஆள் வேணும்.

நொண்டின்னு ஒண்ணை ஏத்துனயே, அதைக் குனிஞ்சு பாத்தேன். பின்னங்கால் குளம்புல வெடிப்பு, வெடிப்புக்குள்ள மணலு. கொட்டில் தரையில காரை பேந்து ஜல்லி துருத்திக்கிட்டு நிக்குது. செருப்புப் போட்டிருந்த எனக்கே கால் இடறுச்சு. பன்னி போயிருச்சு, தரை அங்கயேதான் கெடக்குது.

கழிக்கவே வேண்டாம்னு நான் சொல்லல. ஏழெட்டு ஈத்துப் போட்டுக் குட்டி கொறைஞ்சு, போட்டதையும் மேல படுத்து நசுக்கற கெழவியை அனுப்பு. நாள் பாத்து ரெண்டு மூணு தடவை சேத்தும் நிக்காததை அனுப்பு. மடி வீங்கிப் பாதிக் காம்பு வத்திப்போனதையும் அனுப்பு. அனுப்பறப்ப எதுக்குன்னு சுவத்துல ஒரு வரி எழுதி வெய்யி. வருசக் கடைசியில படிச்சாப் பாதிக்கு மேல உன் பேருதான் இருக்கும்.

எங்கூட்டுத் திண்ணையில ரெண்டு மூட்டை சிமெண்டு சும்மா கெடக்குது. நாளைக்கே வந்து தூக்கிட்டுப் போ. ஓசியில இல்லை மாப்ளே, பன்னி வித்த காசுதான் கையில இருக்குதல்ல.