நிலாவுக்கா அண்ணாச்சி?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. சங்கரன்கோவில் ரத வீதியில் பால்காரரும் நாலைந்து நாய்களும் மட்டுமே விழித்திருக்கும் நேரம். ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. உள்ளே ஒருவர் உடுத்திக்கொண்டிருக்கிறார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாது. முழங்காலுக்குக் கவசம், அதன்மேல் பேன்ட், கெண்டைக்கால் வரை ஏறும் பூட்ஸ், முதுகுத்தண்டுக்குப் பலகை வைத்த ஜாக்கெட், அதற்கும் மேலே காற்றுப்பை வைத்த சட்டை, தலையில் ஹெல்மெட், கடைசியில் கையுறை. கையுறையின் பட்டையை ஒட்டி முடித்த பிறகுதான் வண்டிச் சாவி பேன்ட் பைக்குள் இருப்பது நினைவுக்கு வருகிறது. கையுறையைக் கழற்றுகிறார். சாவி வெளியே வருகிறது. திரும்பக் கையுறை. இப்போது மூக்குக்கண்ணாடி போடவில்லை என்பது தெரிகிறது. கண்ணாடி, ஹெல்மெட் மாட்டிய பிறகுதான் உள்ளே நுழையும். கையுறை போட்ட கைக்கு அது அடங்காது. மறுபடியும் கழற்றல். தெருவில் இறங்கும்போது மணி ஆறேகால்.

பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்கிறார்: "எங்க அண்ணாச்சி, நிலாவுக்கா?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வருகிறது. பழகியவர்கள் அதைக் "கழுகுமலைக்கு" என்று எடுத்துக்கொள்வார்கள். கழுகுமலை இருபது கிலோமீட்டர்.

இவருக்குப் பெயர் வேண்டாம். ஊருக்கு நாலு பேர் இப்போது இப்படி இருக்கிறார்கள். விசைத்தறி போட்டிருப்பார், அல்லது வங்கியில் இருப்பார், அல்லது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாற்பதை ஒட்டிய வயது. மகள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் மாதத் தவணையில் உயரமான வண்டி ஒன்று வாங்குவார். மறுவாரமே லடாக் போகப்போவதாகச் சொல்வார். உம்லிங் லா கணவாயின் உயரம் 19,024 அடி என்பதைக் கேஸ் புத்தக நம்பர் மாதிரி ஒப்பிப்பார். தனியாகப் போவதுதான் தன் கொள்கை என்பார். கொள்கையெல்லாம் ஒன்றும் இல்லை. ஐந்தரைக்கு எழுந்து கூட வர வேறு ஆள் கிடைக்கவில்லை.

தனியாகப் போகிறவனுக்கு வழியில் ஏதாவது ஆனால்? இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் சாமான்கள் குட்டி போட ஆரம்பித்தன.

முதலில் வந்தது ஜாக்கெட். தோளிலும் முழங்கையிலும் இருக்கும் பட்டைகளை வருகிறவர் போகிறவர் எல்லோரும் அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. "லெவல் டூ" என்பார். ஐரோப்பியச் சோதனையில் அந்தப் பட்டையின் மீது எடையைப் போட்டு, அடியில் எவ்வளவு விசை எட்டுகிறது என்று அளக்கிறார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் நின்றால் லெவல் ஒன்று, 20-க்குள் நின்றால் லெவல் இரண்டு. இதை அவர் டீக்கடையில் கால்மணி நேரம் விளக்கினார். டீ மாஸ்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சித்திரை மாசத்துல இதுக்குள்ள எப்படி அண்ணாச்சி இருக்கிய?" என்றார். ஐரோப்பியர்கள் அந்தச் சோதனையை வைக்க மறந்துவிட்டார்கள்.

அடுத்தது ஹெல்மெட். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கக் கூடாது. நம்மவருக்கு அது போதவில்லை. ஐரோப்பிய முத்திரையும் வேண்டும். இரண்டும் சேர்ந்து குத்திய ஒன்றைத் தேடி, பெண் பார்ப்பதுபோல மூன்று மாதம் பார்த்தார். வந்ததும் அதன் பின்பக்கம் ரத்த வகையை எழுதி ஒட்டினார். ஆஸ்பத்திரியில் எந்த மருத்துவரும் ஹெல்மெட் ஸ்டிக்கரை நம்பி ரத்தம் ஏற்றுவதில்லை. சோதித்து, பொருத்தம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். ஆனாலும் அந்த ஸ்டிக்கர் வண்டிக்கு ஒரு களை.

காற்றுப்பைச் சட்டைதான் மகுடம். சட்டையிலிருந்து ஒரு கயிறு வண்டி சீட்டோடு கொக்கியால் இணைந்திருக்கும். ஆள் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டால் கயிறு வெடுக்கென்று இழுபடும். உள்ளே இருக்கும் சிறு வாயுக்குப்பி உடைந்து, கண் இமைக்குமுன் கழுத்தையும் முதுகையும் சுற்றிப் பை ஊதிவிடும். சாதாரண இழுப்புக்கு வெடிக்காது. ஓர் ஆளின் முழு வேகமும் வேண்டும். அதனால் கொக்கியைக் கழற்ற மறந்து இறங்குகிறவரை அது மெதுவாகப் பிடித்து நிறுத்தும். டீக்கடை வாசலில் வாரம் தவறாமல் இது நடக்கும். ராஜநடையாக இறங்கி இரண்டு எட்டு வைப்பார். முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அப்படியே நின்றுவிடுவார். பிறகு எதுவும் நடக்காததுபோல வண்டியைத் தட்டிக்கொடுத்துக் கொக்கியைக் கழற்றுவார்.

செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி ஒன்றுக்கும் அவர் ஆசைப்பட்டார். வெளிநாட்டில் தனியாக மலை ஏறுகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் இடுப்பில் மாட்டிக்கொள்வது. நல்லவேளை, வாங்கவில்லை. நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் பையில் அதை வைத்திருந்ததற்காகவே பிடிபட்டார். காப்பாற்றச் சொல்லிப் பொத்தானை அழுத்தினால் முதலில் வருவது போலீஸாக இருக்கும்.

செல்போனை ஹேண்டில்பாரில் மாட்டினார். பெரிய எஞ்சின் வண்டிகளின் அதிர்வு கேமராவைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்ததைப் படித்தார். உடனே அதிர்வு தாங்கும் ரப்பர் துண்டு ஒன்று வந்தது. போன் ஆப்பிள் இல்லை என்பது வேறு விஷயம்.

பஞ்சர் கிட் கதை இன்னும் உருக்கமானது. ரப்பர் திரியைக் கோணூசியில் கோத்து டயர் ஓட்டைக்குள் குத்தி ஏற்றுவதை வீடியோவில் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். பின்சக்கரத்தில் ஆணி ஏறிய நாளும் வந்தது. திருவேங்கடம் சாலை ஓரம் மண்டியிட்டு, தேர்ந்த வைத்தியர்போலக் குத்தினார். காற்று நிற்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைப் பார்த்தார், திரியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இது ஸ்போக் வீல் அண்ணாச்சி. உள்ள ட்யூப் இருக்கு. திரி ட்யூப்லெஸுக்குல்லா?"

ட்யூபை வெளியே எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் காட்டினார். ஆணி போட்டது ஒரு ஓட்டை. நம்மவர் போட்டது இரண்டு.

வண்டிப் பெட்டிக்குள் பாம்புக்கடிக்கென்றும் ஒரு சாமான் உண்டு: விஷத்தை உறிஞ்சும் பிளாஸ்டிக் பம்ப். சோதித்துப் பார்த்த மருத்துவர்கள், அது விஷத்தில் ஏறத்தாழ ஒன்றையுமே வெளியே எடுப்பதில்லை என்று எழுதிவிட்டார்கள். கடித்த இடத்தை அசைக்காமல் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விஷமுறிவு மருந்து போடுவதுதான் வழி. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் குடியிருப்பது சங்கரன்கோவிலில். வீட்டில் பாம்பையோ தேளையோ கண்டவர்கள் அவற்றின் உருவம் பொறித்த தகட்டை வாங்கிச் சங்கரநாராயணர் கோவில் உண்டியலில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஊர். அங்கே கிடைக்கும் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இடுவார்கள், உடம்பிலும் பூசுவார்கள்.

அவருடைய அம்மாவின் பாதுகாப்பு ஏற்பாடு இந்த வழிப்பட்டது. வண்டி வந்த அன்று டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். புளியங்குடிப் பழம், எலுமிச்சைக்குப் பேர் போன ஊர் பக்கத்திலேயே இருக்கும்போது வேறெதற்கு? ஹேண்டில்பாரில் கறுப்புக் கயிறு. ஜாக்கெட்டின் உள்பையில் ஒரு காகிதப் பொட்டலம் புற்றுமண். ஐரோப்பிய முத்திரை குத்திய மார்புப் பட்டைக்கும் மகனின் நெஞ்சுக்கும் நடுவில் அது இருக்கிறது. எடுத்துப் போட நம்மவருக்கும் தைரியம் இல்லை.

இத்தனை ஏற்பாடும் ஞாயிற்றுக்கிழமைக்கு. திங்கள் முதல் சனி வரை இதே மனிதர், சாயங்காலம் ஏழு மணிக்கு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு பரோட்டா வாங்கப் போவார். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கும். "இந்தா, தெருமுக்குதான?"

1981-ல் வந்த ஓர் ஆய்வு இந்தத் தெருமுக்கைப் பற்றியது என்றே சொல்லலாம். ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியரின் குழு லாஸ் ஏஞ்சல்ஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. பெரும்பாலானவை கடைகண்ணிக்கும் நண்பர் வீட்டுக்கும் போகிற குட்டிப் பயணங்களில், கிளம்பிய சிறிது நேரத்துக்குள், கிளம்பிய இடத்துக்கு அருகிலேயே நடந்தவை. ஹெல்மெட்டின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பமும் அப்படித்தான் வந்தது. பாலைவனங்களைக் கடந்த 'அரேபியாவின் லாரன்ஸ்' 1935 மே மாதம் வண்டியில் தபாலாபீஸ் போய்த் திரும்பும் வழியில், வீட்டை நெருங்கும்போது, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் இருக்க ஒதுங்கி விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் கழித்து இறந்தார். சிகிச்சைக்கு வந்த மருத்துவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ன்ஸ் அதை மறக்கவில்லை. அவருடைய ஆராய்ச்சியை ஒட்டித்தான் 1941-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் வண்டி ஓட்டிகளுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. நம் நாட்டில் 2022-ல் மட்டும் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர்; அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். இந்தக் கணக்கெல்லாம் நம்மவருக்குத் தெரியும். பரோட்டாக் கடை வாசலில், மற்றவர்களுக்கு, அவரே சொல்லுவார்.

அவருடைய கணக்கில் விடுபட்டது இன்னொன்று. அவர் வாங்கியதெல்லாம் ஆளில்லாத காட்டில், அழைத்தால் யாரும் வராத மலைச்சரிவில் விழுகிறவனுக்கானவை. சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒருவன் தனியாக விழவே முடியாது. விழுந்த சத்தம் அடங்குமுன் பருத்திக் காட்டிலிருந்து மூன்று பேர், பஸ் நிறுத்தத்திலிருந்து நாலு பேர், எங்கிருந்து என்றே தெரியாமல் ஐந்து பேர். 2016-ல் உச்ச நீதிமன்றமும், பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134-ஏ பிரிவும், உதவ வருகிறவர்களைப் போலீஸும் வழக்கும் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்கின்றன. இங்கே அந்தச் சட்டம் வருமுன்பே வருவார்கள். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. அந்த ஆஸ்பத்திரி வாசல் வரை தூக்கிப் போகவும் ஆள் உண்டு. தூக்குகிற விதம்தான் கவலை. கையை ஒருவர், காலை ஒருவர். வாயில் சோடா. ஹெல்மெட்டைக் குடத்தை உருவுவதுபோல ஓர் உருவு. கழுத்தெலும்பில் அடிபட்டிருந்தால் இந்த உருவலே ஆளை முடக்கிவிடும். மூச்சு இருக்கும்வரை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இந்த ஊரில் 108 என்றால் சிலருக்கு ஆடித்தபசுக்குக் கோவிலைச் சுற்றுகிற 108 சுற்றுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனாலும் ஆம்புலன்ஸ் வந்துவிடும்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. முந்தின இரவு சாரல். கழுகுமலைச் சாலையில் போட்டோ எடுக்க நம்மவர் ஓரம் கட்டினார். கரிசல் மண். சைடு ஸ்டாண்டு வெண்ணெயில் கத்திபோல இறங்கியது. அது இறங்காமல் இருக்க அடியில் வைக்கும் வட்டத் தகடு அவரிடம் உண்டு. பூட்டிய பெட்டியின் அடியில், ஆக்ஸிஜன் டப்பாவுக்குக் கீழே இருந்தது. வண்டி மெதுவாக, மிக மரியாதையாகச் சாய்ந்தது. அவரும் கூடவே சாய்ந்தார். வேகம் பூஜ்யம். கால் மட்டும் வண்டிக்கு அடியில், பூட்ஸ் தாங்கிக்கொண்டது. அதற்குக் கொடுத்த ஒன்பதாயிரம் ரூபாய் அன்றைக்கு வசூலானது.

எண்ணி ஒரு நிமிடம். பதினோரு பேர்.

"ஹெல்மெட்டக் கழட்டுங்கடே, மூச்சு முட்டும்!"

"வேண்டாம், வேண்டாம்" என்று உள்ளே அலறினார். வெளியே "ம்ம்ம், ம்ம்ம்" என்று கேட்டது. வலி தாங்காமல் முனகுவதாகக் கூட்டம் முடிவு செய்தது. ஹெல்மெட்டின் பின்னால் ரத்த வகைக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த இன்னொரு வரியை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்து, "கழட்டக் கூடாதாம் தாத்தா" என்றாள். நல்லதாகப் போயிற்று. கழற்றவில்லை. அதற்குப் பதிலாக நாலு பேர் அக்குளில் கை கொடுத்து, "ஏலே, ஒண்ணா இழுங்க" என்று மூச்சைப் பிடித்து வண்டியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தார்கள்.

கொக்கி கழற்றவில்லை.

'டப்'பென்று ஒரு சத்தம். கூட்டம் சிதறி ஓடியது. திரும்பிப் பார்த்தபோது சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரின் கழுத்தும் முதுகும் பானை மாதிரி உப்பியிருந்தன.

"எய்யா, கழுத்தெல்லாம் வீங்கிட்டே!" என்றாள் ஒரு கிழவி. "புல்லுக்குள்ள ஏதோ கடிச்சிருக்கு."

நெஞ்சைத் தடவிப் பார்த்தவள் கைக்கு உள்பைப் பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தாள், புற்றுமண். கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஹெல்மெட்டின் முகப்பைத் தூக்கி அவர் நெற்றியில் இட்டாள், மிச்சத்தை உப்பிய இடத்தில் பூசினாள். அதற்குள் ஒருவர் சோடாவோடு ஓடி வந்தார். நம்மவர் குடித்தார். ஊதிய காற்றுப்பை சில நிமிடங்களில் தானாகவே காற்று இறங்கிவிடும் வகையில்தான் செய்யப்பட்டிருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் பை அதற்குள் மெல்ல மெல்லச் சுருங்க ஆரம்பித்துவிட்டது.

"பாத்தியளா," என்றாள் கிழவி, கூட்டத்தைப் பார்த்து. "வத்திட்டு."