கனத்த மடல் உறைதல்: கிழக்குத் தாம்பரத் தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வண்டலூர் முதல் பல்லாவரம் வரையுள்ள நிலப்பரப்பில் மின்னஞ்சல் மென்பொருள் உறைந்துபோகும் நிகழ்வு பெரும்பாலும் ஞாயிறு முற்பகலில், காலை டிபனுக்கும் இரண்டாம் காபிக்கும் இடைப்பட்ட பொழுதில் காணப்படுகிறது. ரயில்வேயிலோ வங்கியிலோ பணி ஓய்வு பெற்று, இப்போது அடுக்ககச் சங்கச் செயலாளர்களாக வீற்றிருக்கும் பெரியவர்கள் ஆண்டுக் கணக்கை ஸ்கேன் செய்து எல்லா வீட்டுக்கும் அனுப்புவது அப்போதுதான். வாட்ஸப் இருக்க மெயில் எதற்கு என்று கேட்பவர் இத்துறைக்குப் புதியவர். வாட்ஸப்பில் வருவது பேச்சு; மெயிலில் வருவதுதான் ரெக்கார்டு.

அறிகுறிகள் எளியவை. கடிதத்தின் மேல் கிளிக் செய்ததும் ஜன்னல் வெளிறும். தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரும். நீல வளையம் சுழலும். “ஹேங் ஆயிடுச்சு” என்று கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்கும். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று அடுக்களையிலிருந்து இன்னொன்று கேட்கும்.

சிவஞான சித்தியார் பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கம், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் என இரண்டாகப் பிரிந்து நிற்பது. சைவ சித்தாந்தத்துக்குப் பொருந்திய முறை இந்த நோயின் காரணம் தேடும் நமக்கும் பொருந்தும்.

பரபக்கத்தில் முதலில் நிற்பவர்கள் வைரஸ்வாதிகள், பெரும்பாலும் மாப்பிள்ளைகள். ரேம்வாதிகள் குரோம்பேட்டை ரிப்பேர் கடைகளில் வாழ்கிறார்கள். நெட்வாதிகள் ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுவார்கள். இவர்களோடு வாதிடலாம். ஃபார்மட் மதத்தாரோடு முடியாது. அவர்கள் வழியில் நோயும் போகும், பதினைந்து வருடக் கடிதங்களும் போகும், பிறவாப் பெருநிலை.

இனி சுபக்கம். மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வெறும் ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. படமும் ஒலியும் போக வழி செய்த மைம் முறை 1992இல்தான் வந்தது. அதை வகுத்த இருவரில் ஒருவரான நதானியல் போரன்ஸ்டைன் அந்த ஆண்டு மார்ச்சில் தம் பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து அனுப்பினார். இன்று நம் பராமரிப்புக் கட்டண ரசீதுகள் போவதும் அதே வழியில்தான். பேஸ்64 என்ற முறைப்படி மூன்று பைட் நான்கு எழுத்தாக மாறும். 76 எழுத்துக்கு ஒரு வரி. ஆகவே ஒவ்வொன்றும் 3 எம்பி உள்ள ஆறு பக்கங்கள், மொத்தம் 18 எம்பி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளாகி 25 எம்பியை நெருங்கும். ஜிமெயிலின் வரம்பும் 25தான். நம் செயலாளர்கள் அந்த வரம்புக்கு ஒரு நூலிழை உள்ளே நிற்பது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது.

இது வழியில் ஏறும் கனம். உறைவது வீட்டுக்கு வந்தபின். 600 டிபிஐ-யில் கலரில் ஸ்கேன் செய்த ஏ4 தாளில் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் புள்ளிகள். கோப்பு 3 எம்பியாகச் சுருங்கியிருந்தாலும் திரையில் காட்ட விரித்தாக வேண்டும். விரித்தால் பக்கத்துக்கு 10 கோடி பைட், ஆறு பக்கத்துக்கு 60 கோடிக்கு மேல். பழைய கணினி மூச்சு முட்டுகிறது. அணைத்துப் போட்டால், கடிதத்தைத் தானே திறந்து காட்டும் முன்னோட்டப் பலகம் அதே கடிதத்தில் போய் நிற்கும்; மறுபடி ஹேங்.

கடிதங்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையை வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். இறக்கம் பாதியில் அறுந்தால் கடிதம் முதலிலிருந்து வரத் தொடங்கும். பொங்கலுக்கு முந்தின இரவு பெருங்களத்தூரில் ஒரு கண்டெய்னர் லாரி பிரேக்டவுன் ஆனால் பின்னால் திருச்சி பஸ் என்ன, ஷேர் ஆட்டோ என்ன, எல்லாம் நிற்கும் அல்லவா? அதேபோல் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் மின்கட்டண நினைவூட்டலும் பேரனின் ரிப்போர்ட் கார்டும் நிற்கின்றன.

சிகிச்சை வெளியிலிருந்து தொடங்க வேண்டும். உறையும் நிரலோடு மல்லுக்கட்டாமல், பிரவுசரில் அதே அஞ்சல் பெட்டிக்குள் போய், பெரிய கடிதத்தின் இணைப்பை இறக்கி வைத்துக்கொண்டு, கடிதத்தை அழித்துவிடலாம். அவுட்லுக் என்றால் சேஃப் மோடில் திறந்து முன்னோட்டத்தை மூடலாம். தண்டர்பேர்டில் இணைப்புகளைக் கடிதத்துக்குள்ளேயே காட்டும் வசதியை நிறுத்தலாம். அதில் அழித்த கடிதமும் உடனே போய்விடாது; ‘காம்பாக்ட்’ கொடுக்கும்வரை கோப்பில் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். பழைய அவுட்லுக்கில், 2002 பதிப்பு வரை, கடிதங்களைச் சேர்த்துவைக்கும் பிஎஸ்டி கோப்பு 2 ஜிபியைத் தொட்டால் கதை முடிந்தது. அந்தக் காலத்துக் கோப்புகள் சேலையூர்ப் பரண்களில் சிடியாக இன்றும் இருக்கின்றன. எறிய மனம் வராது.

நிரந்தரத் தீர்வு ஸ்கேனரில் இருக்கிறது. 200 டிபிஐ, கறுப்பு வெள்ளைச் சாயல். பக்கத்தின் விரிந்த கனம் இருபத்தேழில் ஒரு பங்காகும். ஒரு சங்கத்தில் இதைப் பரிந்துரைத்தோம், செயலாளர் ஏற்றார், கணக்கு நொடியில் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலையே மூன்றாம் மாடியிலிருந்து ஆட்சேபம் வந்தது: “சார், சங்க சீல் ஊதா கலர்ல இல்லையே? இது ஒரிஜினல்தானா?” கேட்டவர் ஒப்பீட்டுக்காகப் போன வருடத்துக் கலர் ஸ்கேனையும் இணைத்திருந்தார், எல்லா வீட்டுக்கும்.