ஆட்டிப் பார்க்கிறவர்

வண்டியின் கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. இந்த மெக்கானிக்குடையதுக்கு மட்டும் வேலை செய்ய ஒரு கோணம் வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, பதினாறு பின் சாக்கெட்டில் ஒயரைச் செருகி, முதலில் இடப்பக்கம் ஆட்டுவார், பிறகு வலப்பக்கம். 'லிங்க் எரர்' என்று வந்தால் சற்றே தூக்கிப் பிடிப்பார். ஏதாவது தெரிந்துவிட்டால், "யாரும் கதவைச் சாத்தாதீங்க" என்று மூச்சடக்குவார். டேப் மேல் டேப்பாகச் சுற்றி ஒயரின் கழுத்து கரும்புக் கணுவாக வீங்கியிருக்கும். கோணம் மாறாமல் அதைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுதான் பட்டறைப் பையன் கற்கும் முதல் தொழில். அப்படியும் வராவிட்டால் தீர்ப்பு தயார்: "ஈசியூ போச்சுண்ணே. சேலத்துக்கு அனுப்பணும்."

எந்த வண்டியின் ஈசியூ? மரவள்ளி ஏற்றிக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வரை தானே ஓடிவந்த பிக்கப்பின் ஈசியூ. காமன்ரெயில் டீசலில் இன்ஜெக்டரைத் திறந்து மூடுவதே ஈசியூ என்கிற அந்தப் பெட்டிதான். அது செத்திருந்தால் வண்டி மலையிலேயே நின்றிருக்கும். இன்ஜின் ஓடுகிறது, ஸ்கேனர் மட்டும் பேசவில்லை என்றால், முதல் சந்தேகம் நடுவே கிடக்கிற ஒயர் மேல்தானே விழ வேண்டும்? "ஆட்டினா வருதே, அப்ப ஒயர் நல்லாத்தானே இருக்கு" என்பது அவர் கட்சி. ஆட்டினால் வருவதே உள்ளே கம்பி அறுந்ததற்குச் சாட்சி. சாக்கெட்டின் பின் விரிந்திருந்தாலும் இப்படி ஆகும் என்பார், வாஸ்தவம். அதே ஒயரை அடுத்த வண்டியில் செருகினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். ஸ்கேனரில் விளக்கே எரியாவிட்டால் 16-ஆம் பின்னுக்கு பேட்டரி கரண்ட் வருகிறதா, 4-இல் எர்த் இருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்கலாம். விளக்கு எரிந்தும் பேசவில்லையென்றால், பேச்சு போகிற 6, 14-ஆம் பின்களைப் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு சாக்கெட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால், பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் அளவில் காட்டும். காட்டினால் வண்டிப்பக்க லைன் அறுபடவில்லை. பிறகு ஒயரின் இரு முனையிலும் மீட்டரை பீப்பில் வைத்து வளைத்துப் பார்த்தால், கத்தல் விட்டு விட்டு வருகிற இடத்தில்தான் அறுப்பு. பெரும்பாலும் பிளக்கின் கழுத்து.

சோல்டர் நிற்காது என்பது அடுத்த வாதம். டேப்பை நம்பி வளைகிற இடத்திலேயே பற்றவைத்தால் நிற்காதுதான். கழுத்தை வெட்டி எறிந்து, கலருக்குக் கலர் சேர்த்து, ஒவ்வொரு கம்பிக்கும் தனி ஸ்லீவ் போட்டு, பாரம் பற்றவைப்பில் விழாதபடி கட்டினால் நிற்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். வண்டி தெரு திரும்பும்போதே எந்த வீல் பேரிங் கத்துகிறது என்று சொல்லிவிடுகிற காது அவருக்கு. ஒயரே தேவைப்படாத மனுஷர். ஆனால் ஈசியூவைக் கழற்றி சேலத்துக்கு அனுப்பிவிட்டால் வண்டி பட்டறையில் படுத்துவிடுகிறது. அத்தனை நாள் வாடகையும் போய், 'நல்லாத்தான் இருக்கு' என்று திரும்பி வரும் பெட்டிக்குச் செக்கிங் கூலியும் கட்டுகிறவர், ஒயரை ஆட்டியவர் அல்ல.