அப்பா பேச்சுக்கு மகன் பொறுப்பா?

செஞ்சி வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் தொகுதியில் நிற்க நினைக்கும் ஒருவரின் பெரியப்பா, வாயைத் திறந்தாலே சாதிதான் பேசுவார். அந்த வீட்டு ஆளுக்கு ஓட்டுப் போடலாமா என்று டீக்கடையில் தினமும் தகராறு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(காந்தி பஜார், செஞ்சி)

பதில்: பெரியப்பாவை யாரும் விண்ணப்பம் போட்டு வாங்குவதில்லை. அவர் வாய்க்காக இவர் தலையில் குட்ட வேண்டாம். ஆனால் அந்தத் தகராறை இன்னும் உருப்படியாக நடத்தலாம். இவர் ஊராட்சித் தலைவராக இருந்தவரா? அப்படியானால் ஊர்த்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் எந்த வருடம் வந்தது, காலனிக்கு எந்த வருடம் வந்தது? கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவரா? பயிர்க்கடன் யார் யாருக்குக் கிடைத்தது? சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினையில் யார் பக்கம் நின்றார்? பந்தியில் உட்கார்ந்து பெரியப்பா அப்படிப் பேசியபோது இவர் கூடச் சேர்ந்து சிரித்தாரா, ‘அப்படிப் பேசாதீங்க பெரியப்பா’ என்றாரா? இதற்கெல்லாம் சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. விசாரித்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

கேள்வி: பெற்ற தகப்பன் பேசிய பேச்சுக்காக முதலமைச்சர் ஒருவர் சங்கடப்பட்டது உண்டா?
(மேல்மலையனூர்)

பதில்: உண்டு. சத்தீஸ்கரில் பூபேஷ் பாகேல் முதலமைச்சராக இருந்தபோது அவருடைய தந்தை நந்த் குமார் பாகேல், பிராமணர்களை அந்நியர்கள் என்றும் அவர்களைப் புறக்கணிக்க வேண்டும் என்றும் பேசினார். ராய்ப்பூரில் புகார் கொடுத்தார்கள், வழக்குப் பதிவானது. 2021 செப்டம்பரில் மகனின் ஆட்சிக்குக் கீழே இருந்த போலீசே தந்தையைக் கைது செய்தது. நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டு, பிறகு ஜாமீனில் வந்தார். தந்தை என்ற முறையில் மரியாதை உண்டு, சட்டத்துக்கு மேல் யாரும் கிடையாது என்பதுதான் மகன் சொன்னதன் சாரம்.

பேச்சுக்காக ஒரு முதியவரைச் சிறையில் வைத்தது சரியா என்று கேட்டால், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதில் பேச்சே போதும் என்று நினைப்பவன் நான். ஆனால் நம் கேள்வி மகனைப் பற்றியது. ஒரு போன் போட்டு வழக்கை மூடிவிடக்கூடிய நாற்காலியில் இருந்தவர், வழக்கை அதன் போக்கில் போக விட்டார். தந்தைக்கும் மகனுக்கும் கருத்து வேறுபாடு நெடுநாளாகவே இருந்தது. அதற்கு விலை கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது மகன் கொடுத்தார். தந்தையின் கருத்தை வைத்து அவரை எடைபோட்டவர்கள் தராசில் தப்பான ஆளை ஏற்றிவிட்டார்கள்.

கேள்வி: ‘என் தாத்தா தியாகி, என் அப்பா தியாகி’ என்று சொல்லியே ஓட்டுக் கேட்கிறார் ஒருவர். அவர் சித்தப்பாவின் மதவெறிப் பேச்சை எடுத்தால் மட்டும் ‘குடும்பத்தை இழுக்காதே’ என்று கோபப்படுகிறார்.
(வல்லம்)

பதில்: சொத்துக்கு வாரிசு என்றால் கடனுக்கும் வாரிசுதான். தாத்தாவை மேடையிலிருந்து இறக்கிவிடச் சொல்லுங்கள், சித்தப்பாவும் கூடவே இறங்கிவிடுவார்.

கேள்வி: வீட்டைத் திருத்த முடியாதவர் நாட்டைத் திருத்துவாரா?
(அனந்தபுரம்)

பதில்: இந்தக் கேள்வியை காந்தியிடமே கேட்டிருக்கிறார்கள். அவரே தன்னைக் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்.

1898 வாக்கில் டர்பனில் அவர் வீட்டில் தங்கியிருந்த ஒரு குமாஸ்தா, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய கழிவுப் பாத்திரத்தை எடுக்க கஸ்தூரிபாவுக்கு மனம் ஒப்பவில்லை. காந்தி மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளிக்கதவு வரை போனார். தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பியவர் மனைவியைத் தெருவில் தள்ளப் பார்த்தார். பின்னாளில் அதை வெட்கத்தோடு எழுதியும் வைத்தார். 1915இல் அகமதாபாத் அருகே கோச்ரப் ஆசிரமத்தில் தூதாபாய் என்ற தலித் ஆசிரியரின் குடும்பத்தைச் சேர்த்தபோது மறுபடியும் வீட்டுக்குள் முணுமுணுப்பு. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. காந்தி அந்தக் குடும்பத்தை அனுப்பவில்லை. தூதாபாயின் மகள் லட்சுமி அவர்கள் வீட்டுப் பெண்ணாகவே வளர்ந்தாள்.

இத்தனைக்குப் பிறகு 1938இல் பூரி ஜெகந்நாதர் கோயில் விவகாரம் வருகிறது. அரிசனங்களுக்கு அனுமதி இல்லாத கோயிலுக்குள் போவதில்லை என்பது காந்தியின் உறுதி. ஒடிசாவில் டெலாங் என்ற ஊரில் அவர் தங்கியிருந்தபோது கஸ்தூரிபாவும், செயலாளர் மகாதேவ தேசாயின் மனைவி துர்காவும் பூரிக்குப் போனார்கள், கோயிலுக்குள்ளும் போய்விட்டார்கள். காந்திக்கு ரத்த அழுத்தம் எகிறியது. ‘சொல்லிப் புரியவைக்காதது நம் தப்பு’ என்று தன்மீதும் மகாதேவ் மீதும்தான் பழியைப் போட்டார். மகாதேவ் மனமுடைந்து விலகிவிடக்கூட நினைத்தார். நடந்த கதையை அவரே ‘ஹரிஜன்’ பத்திரிகையில் எழுதி ஊருக்குச் சொன்னார்.

கஸ்தூரிபா ஜெகந்நாதரைக் கும்பிடப் போன ஒரு தாய். அவர் நம்பிக்கை அவருக்கு. அதை வைத்து காந்தியின் தீண்டாமை ஒழிப்பு வேடம் என்று சொல்வது அநியாயம். தன் வீட்டுத் தோல்வியைத் தன் பத்திரிகையிலேயே அச்சடிக்கவிடும் தைரியம் எத்தனை தலைவர்களுக்கு இருக்கிறது?

நம் மதுரையில் வைத்தியநாத ஐயரைப் பாருங்கள். 1939 ஜூலை 8 அன்று, அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டவர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். எதிர்ப்பு முதலில் அவருக்கு நெருக்கமான சமூகத்திலிருந்தே கிளம்பியது. சுற்றத்தாரின் கருத்தை வைத்து ஐயரை அளந்திருந்தால் மதுரைக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்!

கேள்வி: அண்ணாவை, பெரியாரை வைத்து மதிப்பிடுவதா, ராஜாஜியை வைத்து மதிப்பிடுவதா?
(அவலூர்பேட்டை)

பதில்: 1967 தேர்தலில் பெரியார் காங்கிரசுக்குப் பிரசாரம் செய்தார், ராஜாஜி அண்ணாவோடு கூட்டணியில் இருந்தார். ஜெயித்ததும் அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். இப்போது சொல்லுங்கள், யாருடைய வெறுப்பை அண்ணா தலையில் கட்டுவது? அண்ணாவை அளக்க அண்ணா செய்தது போதும். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி, இருமொழிக் கொள்கை, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது தொண்ணூறைத் தாண்டிய பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து அழுதார். கொள்கையில் நேரெதிராக நின்றவர்களின் நட்பு அது. அதை மதிக்கத் தெரிந்த அரசியல் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது.

கேள்வி: செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவின் எதிரியும் முஸ்லிம், உயிர்த் தோழனும் முஸ்லிம். எதை வைத்து அவரை எடைபோடுவது?
(சிங்கவரம்)

பதில்: 1714இல் ஆற்காட்டு நவாப் சாததுல்லாகானோடு நடந்த சண்டை கப்பத்துக்கும் அதிகாரத்துக்குமானது. மதத்துக்கு அதில் வேலை இல்லை. கதைப்பாட்டில் வரும் தோழன் மகமத்கான் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போர்க்களத்துக்கு ஓடி வருகிறான். முந்நூறு வருடமாக நம் ஜனங்கள் அந்த இருவரையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியிருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டையின் ராஜகிரிக் குன்றைக் காட்டும்போது இந்த நட்பையும் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: ஒபாமாவை அவருடைய பாதிரியாரின் பேச்சை வைத்துத் திட்டினார்களே, அது சரியா?
(சத்தியமங்கலம், செஞ்சி வட்டம்)

பதில்: கேட்டதில் தப்பில்லை. பாதிரியார் பெரியப்பா மாதிரி இல்லை, நாமே தேடிப் போய்ச் சேர்வது. ஜெரிமையா ரைட்டின் தேவாலயத்தில் ஒபாமா சுமார் இருபது ஆண்டுகள் உறுப்பினர். ரைட்டின் கடுமையான பிரசங்கங்கள் 2008 தேர்தல் நேரத்தில் வெளியே வந்தன. ஒபாமா மார்ச் 18 அன்று பிலடெல்பியாவில் பேசினார். ரைட் சொன்னதைக் கண்டித்தார், ஆனால் ஆளை ஒதுக்க மறுத்தார். தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டியும் சில சமயம் நிறவெறிப் பேச்சு பேசியவர்தான், அவரையும் தன்னால் தள்ளிவைக்க முடியாது என்றார். ஏப்ரல் கடைசியில் ரைட் மறுபடி பேசவும், உறவையே முறித்துக்கொண்டார். எனக்கு மார்ச் மாதத்து ஒபாமாவைத்தான் பிடிக்கும். உறவையும் மறைக்காமல், தப்பையும் மறைக்காமல் பேசியது அந்தப் பேச்சு.

எதிர்த்து நின்ற மெக்கெய்னும் ஜான் ஹேகி என்ற மதபோதகரின் ஆதரவைத் தேடி வாங்கி, அவருடைய பழைய பேச்சுகள் வெளிவந்ததும் மே மாதம் வேண்டாம் என்றார். அந்தச் செய்தி ரைட் விவகாரம் அளவுக்கு ஓடவில்லை. கேள்வி கேட்பது நியாயம், ஆனால் ஒரே படியால் இரண்டு பேருக்கும் அளக்க வேண்டும்.

கேள்வி: உதவியாளர் செய்த காரியத்துக்கு அமைச்சர் ஏன் பதவி விலக வேண்டும்? எங்கள் ஊர்க்காரர் என்பதால் கேட்கிறேன்.
(செஞ்சி)

பதில்: செஞ்சி ராமச்சந்திரனைக் கேட்கிறீர்கள். 2003 மே மாதம், அவர் வாஜ்பாய் அரசில் நிதித்துறை இணையமைச்சராக இருந்தபோது அவர் அலுவலக உதவியாளரை லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. அமைச்சர் பதவி விலகினார். பெரியப்பாவின் வாய்ப்பேச்சும் இதுவும் வேறு வேறு. அந்த உதவியாளருக்கு அந்த மேசையில் உட்காரும் இடத்தைக் கொடுத்தது அமைச்சரின் பதவி. அமைச்சர் பெயரைச் சொல்லித்தான் அந்த அறையின் கதவு திறக்கும். நாம் அதிகாரம் கொடுத்து வைத்திருக்கும் ஆளின் செயலுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். சாதி பார்த்துப் பேசும் ஒருவரை ஒன்றியப் பொறுப்பில் உட்காரவைத்துவிட்டு ‘அது அவர் சொந்தக் கருத்து’ என்று தலைவர் நழுவினால், விடாதீர்கள்.

கேள்வி: சொந்தக்காரர்களை விடுங்கள். ஓட்டுப் போடுகிறவர்களே சாதி பார்த்தால் தலைவர் என்ன செய்வார்?
(நாட்டார்மங்கலம்)

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு வலிக்கிறது. நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆனது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். அந்தச் சட்டம் கொடுத்ததை வாங்க, 2023க்குப் பிறகும் இரண்டு வருடம் ஒரு ஊர் காத்திருந்தது.

பெரிய கட்சி எதற்கும் அந்த ஊரில் இரண்டு பக்கமும் ஓட்டு உண்டு. அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், நீதிமன்றம் உத்தரவு போட்டது. ‘வாங்க, நான் முன்னால் நடக்கிறேன்’ என்று முதல் நாளே தெருவில் இறங்க ஒரு தலைவர் வேண்டியிருந்தது. ஓட்டுப் போடுகிறவர் கோபித்துக்கொள்வார் என்று வாய் மூடி இருப்பவரை, சாதி பார்ப்பவர்களின் கணக்கிலேயே எழுதலாம். அவர் மனசுக்குள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தாக்கப்பட்ட இளைஞனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. ஒரு வேட்பாளரின் மனைவி ஏதோ விசேஷ வீட்டில் வேறு மதத்தைக் கேவலமாகப் பேசிய பழைய வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நான் பகிரலாமா?
(ஆலம்பூண்டி)

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பெண்ணுக்குக் கட்சியில் பதவி உண்டா, மேடையில் ஓட்டுக் கேட்கிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால் முழு வீடியோவையும் தேதியையும் தேடி எடுத்து அவரையே கேளுங்கள். பதவி எதுவும் இல்லாத பெண் என்றால் அவரை விட்டுவிடுங்கள். வேட்பாளரை அடிக்க முடியாதவர்கள் அவர் மனைவியின் பிறந்த ஊர், மதம், நடை உடை என்று இறங்குவது இங்கே பழைய வழக்கம். ஒரே வீட்டுக்குள்ளும் அரசியல் வேறாகலாம். குமரி அனந்தன் கடைசி வரை காங்கிரஸ்காரர், மகள் தமிழிசை பா.ஜ.க. 2024 தேர்தலில் பத்தனம்திட்டையில் பா.ஜ.க.வுக்காக நின்ற தன் மகன் தோற்க வேண்டும் என்று காங்கிரஸ்காரரான ஏ.கே. அந்தோணி வெளிப்படையாகவே சொன்னார்.

வேட்பாளரிடம் நேராகக் கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் வீட்டில் இப்படிப் பேசப்பட்டிருக்கிறது, நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா? எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் தெருவுக்குச் சாலை போடுவீர்களா, எப்போது?’ அவர் ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வரும் நாளில் வாசலில் நின்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை, நீங்களே படம் பிடித்து, வெட்டாமல் ஒட்டாமல் முழுசாகப் பகிருங்கள்.